பந்து மேற்கேதான் இருந்தது

எங்கள் வீட்டில் இடதும் வலதும் கிடையாது, எல்லாம் திசைதான். உப்பு டப்பா அடுப்புக்குத் தெற்கே இருக்கும். தூக்கத்தில் நான் புரண்டு வந்து இடித்தால், "ஏட்டி, வடக்க தள்ளிப் படு" என்பாள் அம்மா. கண்ணைத் திறக்காமலேயே சரியாக வடக்கே உருளுவேன்.

தொண்ணூறுகளின் நடுவில், கோவில்பட்டியில் ஓர் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் என்னை எல்.கே.ஜி. சேர்க்க அம்மா ஆசைப்பட்டாள். சும்மா ஆசையா அது! பருத்தி எடுக்கப் போகும்போதுகூட என்னை இழுத்துக்கொண்டு, ரெட், புளூ என்று வாயில் திணித்தபடியே நடப்பாள். தனக்குக் கிடைக்காத படிப்பு எனக்காவது கிடைக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

பள்ளிக்கூடத்தில் கேட்டபோது நிறமெல்லாம் ஒழுங்காகச் சொன்னேன். அடுத்து டீச்சர் மேஜைமேல் ஒரு மரக்கட்டையை வைத்து, பக்கத்தில் பந்தை வைத்தார். பந்து எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டார்.

"மேக்க" என்றேன்.

அம்மாவுக்கு முகமெல்லாம் பெருமை. டீச்சர் என்னை மேஜையின் எதிர்ப்பக்கம் கூட்டிப்போய் நிறுத்தினார்.

"இப்ப?"

"இப்பவும் மேக்கதான்."

"நல்லாப் பாரும்மா. முதல்ல வலது பக்கம் இருந்துச்சு. இப்ப இடது பக்கம் வந்துருச்சுல்ல?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க வந்துச்சு? பந்து அங்கனயேதான கெடக்கு! நாமதான சுத்தி வந்தோம்?"

டீச்சர் சிரித்தார். நல்ல மனுஷிதான். பிள்ளைக்கு இடது வலது பழக்கிவிட்டு அடுத்த வருஷம் கூட்டிவரச் சொல்லி அனுப்பிவிட்டார்.

டீச்சரையே திருத்திவிட்ட சந்தோஷத்தில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் குதித்துக்கொண்டே வந்தேன். அம்மா தலையைக் குனிந்தபடி பின்னால் வந்தாள்.

எங்கள் ஊர் இடைசெவலுக்குப் போகும் பஸ்ஸில், ஒரு கைப்பிள்ளைக்காரி உட்கார இடம் கேட்டாள். என்னைப் பார்த்து "கெழக்க…" என்று ஆரம்பித்த அம்மா சட்டென்று நிறுத்தினாள். சோறு பிசைவதுபோல் விரல்களைக் குவித்துப் பார்த்தாள். எது சோற்றுக்கை என்று உறுதியானதும், மற்ற கையை நீட்டி, "எடது பக்கம் நகந்து உக்காரு" என்றாள்.

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "கெழக்கன்னு சொல்லத் தெரியலையாம்மா ஒனக்கு?"

கைப்பிள்ளைக்காரியும் சேர்ந்து சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை, விரல்களை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் எனக்கு சீட் கிடைக்காமல் போனதற்குத் தன் பேச்சுதான் காரணம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். திசையெல்லாம் தெரிந்த எனக்கு அது மட்டும் தெரியவில்லை.