மாட்டு டாக்டரின் ஜீப் ஒழுகியது

அந்த மலைப்பக்கத்தில் எல்லோரும் அவளை மாட்டு டாக்டர் என்றுதான் சொல்வார்கள். பத்தொன்பது வருடமாக மேட்டுப் பண்ணைகளுக்கு ஏறி இறங்கி வைத்தியம் பார்ப்பவள். நான்கு வருடத்துக்கு முன் ஒரு பசு விட்ட உதையில் இடது முழங்கால் நொறுங்கியது. எலும்பு கூடியபின்னும் கிளட்சை மிதிக்கும் அளவுக்குக் கால் மடங்கவில்லை. இனி கீழே ஆஸ்பத்திரியிலேயே உட்கார்ந்து பாருங்கள் என்றார் மேலதிகாரி. சரி என்று தலையாட்டிவிட்டு, அவள் நேராகத் தம்பியின் வெல்டிங் பட்டறைக்குப் போனாள்.

தம்பி இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, தன் வயதைவிடப் பழையதான அவளுடைய ஜீப்பில், வேறொரு பெரிய வண்டியின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பொருத்தினான். கிளட்ச் இல்லாததால் இடது காலுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. அவள் பழையபடி மேடு ஏறினாள்.

இந்த வருடம் மழை ஓய்ந்ததும் ஒழுக ஆரம்பித்தது. கியர்பாக்ஸ் எண்ணெய் சிவப்பு. நிறுத்திய இடத்திலெல்லாம் சிவப்பாக ஒரு வட்டம். ரத்தம் என்று நினைத்து, மாட்டுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பண்ணைக்காரர்கள் பதறினார்கள். எண்ணெய் கசியாமல் அடைக்கும் பின்பக்க ரப்பர் சீலைத் தம்பி மாற்றினான். ஒழுகியது. இன்னொரு சீல் போட்டான், அடித்தட்டின் கேஸ்கெட்டையும் மாற்றினான். அப்படியும் ஒழுகியது.

ஒரு நாள் காலை, ஈன முடியாமல் தவித்த ஒரு பசுவைப் பார்க்கப் போகும் வழியில், பாதி ஏற்றத்தில் என்ஜின் உறுமியதே தவிர வண்டி நகரவில்லை. எண்ணெய் வற்றியிருந்தது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு நொண்டி நொண்டி அவள் பண்ணைக்குப் போய்ச் சேர்வதற்குள், குறுக்கே கிடந்த கன்று தாயின் வயிற்றிலேயே இறந்துவிட்டது. பசுவை மட்டும் காப்பாற்றினாள். பண்ணைக்காரர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

தம்பி வண்டியைக் கட்டியிழுத்துப் பட்டறைக்குக் கொண்டுவந்தான். அவன் முகம் தொங்கிப்போயிருந்தது.

"போதும்க்கா. நான் கை வச்சதே தப்பு. இதைத் தள்ளிவிட்டுடலாம்."

"எங்க வலிக்குதுன்னு மாடு வாயத் திறந்து சொல்லுதா? தேடித்தானே பார்க்கிறேன்," என்றாள் அவள். "நீ சொட்டுற இடத்தையே பார்த்துக்கிட்டிருக்க. எங்க கிளம்புதுன்னு பார்த்தியா?"

அவள் வண்டியின் அடிப்பாகத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கச் சொன்னாள். பழைய அழுக்கெல்லாம் போய் இரும்பு தெரிந்ததும், தார்ப்பாயை விரித்து, மடங்காத காலை நீட்டிக்கொண்டு தானே அடியில் நகர்ந்து போனாள். முகப்பவுடர் டப்பாவைக் கவிழ்த்து கியர்பாக்ஸ் முழுக்கத் தூவினாள். எண்ணெய் நிரப்பி இருவரும் பக்கத்து மேட்டில் ஏறி இறங்கினார்கள்.

திரும்பி வந்து பார்த்தபோது வெள்ளைப் பவுடரில் சிவப்புக் கோடு ஒன்று ஓடியிருந்தது. அது பின்பக்க சீலில் தொடங்கவில்லை. எண்ணெயைக் குளிர்விக்க முன்னால் கொண்டுபோகும் இரும்புக் குழாயில் தொடங்கி, பக்கவாட்டில் வழிந்து, பின்னால் வந்து சொட்டியிருந்தது. மேடு ஏறும்போது என்ஜின் அசைகிற அசைவில், குழாய் ஒரு பிடிமானத் தகட்டின் விளிம்பில் உரசி உரசி ஊசி முனையளவு ஓட்டையாகியிருந்தது. தகட்டை வெல்டு வைத்தவன் தம்பிதான்.

அவன் அடியில் படுத்து அந்த விளிம்பை விரலால் தடவினான். "என் கைவேலைதான்க்கா," என்றான்.

"அப்ப உன் கையாலயே சரி பண்ணு."

ஓட்டைமேல் ரப்பர் சுற்றி ஒப்பேற்ற அவன் நினைக்கவில்லை. அவளும் விட்டிருக்க மாட்டாள். தகட்டை அறுத்தெடுத்தான். புதுக் குழாயை அளந்து வளைத்து, ஒரு விரல் இடைவெளி விட்டு வேறு வழியாகக் கொண்டுபோய், பிடிக்கும் இடங்களில் ரப்பர் வைத்தான். இரண்டு முறை வளைவு சரிவரவில்லை. இரண்டு குழாயையும் அவள் திருப்பிக் கொடுத்துவிட்டாள். மூன்றாவது பொருந்தியது. சமதரையில் என்ஜினை ஓடவிட்டு, எல்லா கியரையும் ஒருமுறை போட்டு, அளவுக்குச்சியில் எண்ணெயைச் சரிபார்த்தார்கள்.

மறுநாள் காலை, கன்று இறந்த பண்ணைக்கும் மேலே உள்ள ஒரு பண்ணையிலிருந்து, பசு ஈன முடியாமல் தவிப்பதாகப் போன் வந்தது. தம்பி எண்ணெய் கேனை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். வண்டி திணறாமல் ஏறியது. அவள் கையுறையை மாட்டிக்கொண்டு தொழுவத்துக்குள் போனாள். அவன் முற்றத்தில் குப்புறப் படுத்து அடியில் எட்டிப் பார்த்தான். அவள் கைகழுவ வெளியே வந்தபோதும் அப்படியே படுத்திருந்தான்.

"கன்னு நிக்குது," என்றாள் அவள். "இங்க?"

"காஞ்சு கிடக்குதுக்கா."