மைக்செட்காரரின் ரத்தப் பரிசோதனை

மைக்செட்காரருக்கு ரகசியம் பேச வராது. மண்டபம் மண்டபமாக ஒலிபெருக்கி கட்டியதில் காது மந்தமாகி, குரலும் தடித்துவிட்டது. அவர் குசுகுசுத்தால் எதிர்வீட்டிலிருந்து பதில் வரும். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மூச்சு விடாமல் இருந்தார்.

பெருங்குடலில் இருந்த புற்றுக்கட்டியை வெட்டியெடுத்து ஒரு வருடம் ஆகிவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சி.இ.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை. நோய் ஈரலுக்கோ நுரையீரலுக்கோ பரவினால், வலி தெரியும் முன்பே பலருக்கு அந்த எண் ஏறிக் காட்டிக்கொடுக்கும். இரண்டைத் தாண்டாமல் சமர்த்தாக இருந்த எண், இந்த முறை ஆறு.

"சிகரெட் பிடிக்கிறீங்களா?" என்றார் டாக்டர்.

அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "ஆபரேஷனோட தலைமுழுகிட்டாரு டாக்டர். எனக்கு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்காரு."

மைக்செட்காரர் தலையாட்டினார். ஸ்கேனுக்கு நாள் குறித்துக்கொண்டு வீடு திரும்பினார்கள்.

அன்றோடு அவள் திட்டுவதை நிறுத்திவிட்டாள். ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டார். பேசாமல் எடுத்துக் காயப்போட்டாள். டிவியை அலறவிட்டார், "பாருங்க, பாருங்க" என்றாள். கல்யாணமான நாளாகக் கிடைக்காத மரியாதை. தான் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டோமோ என்றுகூடத் தோன்றியது.

ஒருநாள் காலை, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு குளியலறைக்குள் அவள் அழுவது அந்த மந்தக் காதுக்கே கேட்டது. கதவைத் தட்டினார்.

"ஏய், நான் சிகரெட் பிடிக்கிறேன். ஆறுன்னு வந்ததுக்கு முந்தின டெஸ்ட் முடிஞ்சதுமே மறுபடி ஆரம்பிச்சுட்டேன். ஸ்பீக்கருக்குப் பின்னாடி உட்கார்ந்து, தினமும்."

குழாய் நின்றது. "என்னது?"

"சிகரெட் பிடிக்கிறாராம்க்கா!" என்றது எதிர்வீட்டு ஜன்னல்.

கதவு படாரென்று திறந்தது. "அடப்பாவி மனுஷா! உங்களுக்கு என்ன ஆகுமோன்னு நான் சோறு தண்ணி இல்லாம கிடக்கேன், உங்களுக்குப் புகை கேக்குதா புகை?"

வசவு விழ விழ அவருக்கு உயிர் வந்தது.

கையோடு அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். "அப்போ நோய் பரவலைதானே டாக்டர்?"

"அப்படிச் சொல்லிட முடியாதும்மா. சிகரெட்டாலயும் இது கொஞ்சம் ஏறலாம். ஆனா அதுதான் காரணமான்னு தெரியணும். ஸ்கேன் எடுத்தே ஆகணும். இவரு இன்னைக்கே நிறுத்தட்டும், ரத்தத்தையும் மறுபடி பார்ப்போம்."

அவர் நிறுத்தினார். சட்டைப் பையை மனைவி தினமும் முகர்ந்து பார்த்தாள்.

ஸ்கேனில் எங்கும் பரவல் தெரியவில்லை. சில வாரம் கழித்து எடுத்த ரத்தத்தில் எண்ணும் மூன்றுக்கு இறங்கியிருந்தது. "நல்ல சேதிதான். ஆனா டெஸ்டை மட்டும் விட்டுடாதீங்க" என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரிப் படியிறங்கும்போது மைக்செட்காரர், தன்னால் முடிந்தமட்டும் மெதுவாக, "இனிமே திட்ட மாட்டேல்ல?" என்று கேட்டார். வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வீட்டுக்கு வாங்க, சொல்றேன்" என்றாள் மனைவி.