பால் வேண்டாம் என்றவளுக்குப் பிள்ளை பிறந்தது

புனேயில் பாணேர் பகுதியில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் ஒவ்வொரு வீட்டுக் கதவுப் பிடியிலும் ஒரு துணிப்பை தொங்கும். விடிவதற்குள் பால்காரர் வந்து அவரவர் பையில் பாக்கெட்டைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். எங்கள் கதவில் மட்டும் பை கிடையாது. நான் பால், தயிர், நெய் எதையும் தொடுவதில்லை. என் கணவர் செந்தில் பக்கத்துச் சாகணில் ஒரு வண்டித் தொழிற்சாலையில் பொறியாளர். அவருடைய டீயெல்லாம் அங்கேயே முடிந்துவிடும். எனக்கு நான்காம் மாதம் நடந்துகொண்டிருந்த ஒரு காலையில் கதவைத் திறந்தால், நீலப் பூப்போட்ட புதுப் பையொன்று பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே அரை லிட்டர் பால். வீடு மாற்றிப் போட்டுவிட்டார் என்று நினைத்துக் காவலாளியிடம் கொடுத்துவிட்டேன். மறுநாளும் பால் வந்தது. மூன்றாம் நாள் அடுத்த வீட்டு மந்தா காகூவைக் கேட்டேன். அவர் சிரித்தபடி, “துஜ்யா பாளாஸாடி” என்றார். உன் குழந்தைக்காக.

காகூ என்றால் மராத்தியில் சித்தி. மந்தா காகூ தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் அரைகுறையாக விடமாட்டார். நான் எனக்குத் தெரிந்த இந்தியில், பால் எனக்கு வேண்டாம், நெய்யும் வேண்டாம், எதுவும் வேண்டாம் என்றேன். “உபவாஸ் ஆஹே கா?” என்று கேட்டார். விரதமா? விளக்கிச் சொல்ல மொழியும் இல்லை, தெம்பும் இல்லை. ஆமாம் என்று தலையாட்டினேன். பேச்சு அதோடு முடியும் என்று நினைத்தேன். அரை மணி நேரத்தில் ஒரு தட்டில் ஜவ்வரிசிக் கிச்சடியும், குங்குமப்பூ போட்ட ஒரு பெரிய டம்ளர் பாலும் வந்தன. இந்த ஊரில் விரதம் என்றாலே பால்தான் ஆகாரம் என்பது எனக்கு அப்போது தெரியாது. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன்: இது சாமிக்காக இல்லை, பசுவுக்காக. காகூ டம்ளரை மேஜையில் வைத்தார். பிறகு இந்தியில், “பசுவுக்காக விரதம் என்றால், பசுவே கொடுப்பதை ஏன் வேண்டாம் என்கிறாய்?” என்று கேட்டார்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களும் அதையேதான் கேட்பீர்கள். கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் எப்போதும் இரண்டு மாடுகள் உண்டு. அப்பா நான் சின்னவளாக இருக்கும்போதே தவறிவிட்டார். சொசைட்டிக்குப் பால் ஊற்றித்தான் அம்மா என்னைப் படிக்க வைத்தாள். படித்து முடித்து நான் சேர்ந்த வேலையும் பால் குளிரூட்டும் நிலையத்தில்தான், ஆய்வகத்தில் பரிசோதனை. ஒருநாள் மாதிரி எடுக்க ஒரு பண்ணைக்குப் போயிருந்தேன். கன்று செத்துப்போன ஒரு மாட்டின் முன்னால், அதன் கன்றின் தோலிலேயே வைக்கோல் திணித்து நிறுத்தியிருந்தார்கள். மாடு அதை நக்கிக்கொண்டே இருந்தது. பால் இறங்கியது. கறந்தவர் கெட்டவர் இல்லை. காலையில் சாப்பிட்டாயா அம்மா என்று என்னைக் கேட்டவர் அவர். ஆனால் அன்று மத்தியானம் மோர்சாதத்தைப் பிசைந்தவள் வாயில் வைக்க முடியாமல் எழுந்துவிட்டேன். அப்புறம் வேலையை விட்டேன், கல்யாணம் ஆனது, புனே வந்தேன். இங்கே நான் சேர்ந்த அலுவலகத்தில் ஒரு பெண் சொல்லித்தான் என்னைப் போன்றவர்களுக்கு வீகன் என்று ஒரு பெயர் இருப்பதே தெரிந்தது. அம்மாவிடம் வைக்கோல் கன்றைப் பற்றிச் சொன்னதில்லை. பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் சொல்லிவைத்திருந்தேன்.

இதில் என் தவறையும் சொல்லிவிட வேண்டும். பி-12 சத்து இலையிலும் பருப்பிலும் கிடைக்காது, மாத்திரை போட்டே ஆக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். வருடக்கணக்காகப் போட்டும் வந்தேன். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் எதைப் போட்டாலும் வாந்தி. மாத்திரையை நிறுத்தினேன், வாந்தி நின்ற பிறகும் மறந்தேன். கால் மரத்துப்போவதும் படியேறினால் மூச்சு வாங்குவதும் கர்ப்பத்தால்தான் என்று இருந்துவிட்டேன். ஐந்தாம் மாத ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டர், என்னைவிட இளையவராக இருப்பார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். பால் குடி, முட்டை சாப்பிடு என்று சொல்வார், சண்டை போடலாம் என்று வாதங்களைக்கூட அடுக்கி வைத்திருந்தேன். அவர் ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்: “நீங்கள் என்ன சாப்பிடுவதில்லை என்று எனக்குத் தெரியும். மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள்?” வாந்தி என்று ஆரம்பித்தேன். “குழந்தையின் நரம்பும் மூளையும் வளரும் நேரம் இது. உங்கள் கொள்கையோடு எனக்குச் சண்டை இல்லை. கவனக்குறைவோடு சண்டை உண்டு.” ஊசி எழுதினார், இரும்புச்சத்து எழுதினார், உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஆட்டோவில் அழுதேன். ஒரு மாட்டுக்காக இவ்வளவு பார்த்தவள், வயிற்றில் இருப்பதை எப்படி விட்டேன்?

ரத்தம் குறைவு, நீண்ட பயணம் வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால் பிரசவத்துக்கு ஊருக்குப் போகவில்லை. மாடுகளைப் பெரியம்மா பொறுப்பில் விட்டுவிட்டு எட்டாம் மாதத்தில் அம்மா இங்கே வந்தாள். வந்த இரண்டாம் நாள் ரசத்தில் நெய் வாசம் அடித்தது. “அம்மா, நெய் ஊத்தினியா?” என்றேன். “தாளிக்கத்தான் ஒரு சொட்டு” என்றாள் முகத்தைப் பார்க்காமல். தட்டைத் தள்ளி வைத்தேன். அவள் பையைத் துழாவினேன். பருப்புப் பொடி டப்பாக்களுக்கு நடுவே துணி சுற்றிய நெய்ப் பாட்டில். எனக்குக் கோபம் தலைக்கேறியது. பால் ஒத்துக்கொள்ளாததெல்லாம் இல்லை, மாட்டுக்குச் செய்கிற கொடுமை பொறுக்காமல்தான் விட்டேன் என்று முதல்முறையாகச் சத்தம் போட்டேன்.

அம்மா அடுப்பை அணைத்தாள். “என்ற மாட்டுப் பால்ல வளந்தவ நீ. அந்தப் பால ஊத்தித்தான் உன்னப் படிக்க வெச்சேன். இப்ப அது கொடுமைங்கற. அப்ப நான் ஆருடி? கொடுமக்காரியா?”

“உன்னச் சொல்லலம்மா.”

“வேற ஆரச் சொல்ற? ரத்தமில்லாம வெளுத்துப்போயிக் கெடக்கற. நான் பாத்துட்டுக் கம்முனு இருக்கோணுமா?”

செந்தில் இடையில் வந்து, “அத்தை, ஊசி போட்டதுக்கு அப்புறம் ரத்தம் ஏறியிருக்குங்க. டாக்டரே சொல்லிட்டாங்க” என்று ரிப்போர்ட்டைக் காட்டினார். அவள் வாங்கிப் பார்க்கவில்லை. இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சில்லை. மூன்றாம் நாள் அவளாகவே தேங்காயை உடைத்துப் பால் பிழிந்து ராகிக் கூழ் காய்ச்சிக் கொண்டுவந்தாள். “இதுல ஒண்ணுங் கலக்கல. நம்புனாக் குடி.” குடித்தேன்.

அதற்குப் பிறகு சமையலறை அவளுடையதாகிவிட்டது. எள்ளுருண்டை, முருங்கைக்கீரைப் பொரியல், கொள்ளு ரசம். மந்தா காகூ தினமும் எட்டிப் பார்ப்பார். அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு மராத்தியும் இந்தியும் தெரியாது. ஒருநாள் காகூ சட்டிக்குள் பார்த்துவிட்டு, “தூப் நாஹீ?” என்று கவலையோடு கேட்டார். அம்மா உள்ளே போய்ச் சாம்பிராணியை மூட்டிக்கொண்டு வந்து வீடெல்லாம் புகை காட்டினாள். “தூபம் போடலியான்னு கேக்கறாங்க பாரு, நல்ல பழக்கம்” என்றாள். தூப் என்றால் மராத்தியில் நெய். நான் சொன்னதும் இருவரும் சிரித்த சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது, பாதி புகையால். அன்றே காகூ தன் வீட்டிலிருந்து செம்பழுப்பில் குட்டிக்குட்டி விதைகளைக் கொண்டுவந்தார். அளீவ்; பிள்ளை பெற்றவளுக்கு இங்கே லட்டு பிடித்துக் கொடுப்பார்களாம், அம்மாவுக்கு முன்கூட்டியே செய்து காட்ட வந்தார். இளநீரில் ஊறவைத்து, தேங்காய்த் துருவலும் வெல்லமும் சேர்த்துக் கிளறுவது. கடைசியில் நெய்க் கரண்டியை எடுத்த காகூவின் கையை அம்மா பிடித்துக்கொண்டாள். என்னைக் காட்டித் தலையை ஆட்டினாள். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்காக அவள் மறுத்த முதல் நெய் அது.

பெண் குழந்தை பிறந்தாள். மூன்றாம் நாள் வரை எனக்குப் பால் சரியாக ஊறவில்லை. குழந்தை சப்பிச் சப்பி ஓய்ந்து அழுதாள். நனைக்கும் துணிகள் குறைந்தன. எடை இறங்கிக்கொண்டே போனது. குழந்தை மருத்துவர், “உங்களுக்குப் பால் வரும். அதுவரைக்கும் இவளால் காத்திருக்க முடியாது” என்றார். நான் சாப்பாட்டால்தானா என்று கேட்டேன். எல்லாம் சாப்பிடும் தாய்மார்களுக்கும் இப்படி ஆவதுண்டு, இப்போது அந்தக் கேள்வியால் பயனில்லை என்றார். தாய்ப்பால் வங்கியைப் பற்றிக் கேட்டேன். அங்கே இருப்பு குறைவு, குறைமாதக் குழந்தைகளுக்கே போதவில்லை. மிச்சம் இருந்தது மாவுப்பால். அது பசும்பாலில் செய்தது என்பது அந்த அறையில் எல்லோரைவிடவும் எனக்கு நன்றாகத் தெரியும், அதைத்தான் படித்திருந்தேன்.

செந்தில், “நீ சொல்றதுதான்” என்றார். குழந்தை என் மடியில் குரல் வறண்டு அழுதுகொண்டிருந்தாள். அவள் எந்த முடிவும் எடுத்தவள் இல்லை. அவளுக்குப் பசித்தது, அவ்வளவுதான். “கலக்கிக் கொடுங்க” என்றேன். மலையாளத்து நர்ஸ் ஒருவர் பாலாடைக் கிண்ணத்தில் ஊற்றித் தந்தார். நானே கொடுக்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். முதல் மடக்கு அவள் கன்னத்தில் வழிந்தது. இரண்டாவது உள்ளே போனது. நாலாவதில் அழுகை நின்றது. நிமிர்ந்து பார்த்தால் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“நாந்தான் வந்த புதுசுல நெய்யச் சேத்துக்கோன்னு சண்ட புடிச்சேன். இப்ப நீயே எடுத்துக் குடுக்கறதப் பாக்க எனக்கு மனசு தாங்கலியே கண்ணு” என்றாள்.

தாய்ப்பாலையும் கொடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லியிருந்தார்கள். மாவுப்பால் கொடுக்கும் முன் ஒவ்வொரு தடவையும் மாரில் போட்டேன். அம்மா முதுகுக்குத் தலையணை வைப்பாள், பூண்டை வேகவைத்துத் தருவாள், குழந்தையின் கன்னத்தைச் சுண்டித் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்வாள். ஒன்பதாம் நாள் மார்பில் பால் கட்டிக்கொண்டு வலித்தது. அதன் பிறகு இரண்டு நாளில் மாவுப்பால் டப்பாவை மூடி வைத்தோம். அடுத்த அறையில் அவள் சிணுங்கினால் இங்கே என் ரவிக்கை நனையும். ஒரு சாயங்காலம் அப்படி நனைந்தபடி உட்கார்ந்திருந்தபோது, ஏனோ அந்தப் பண்ணையில் பார்த்ததை முதல்முறையாக அம்மாவிடம் சொன்னேன். வைக்கோல் கன்று. அதை நக்கிய மாடு. குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

“நம்ம செவலைக்கும் ஒருக்கா கன்னு செத்துருச்சு” என்றாள். “நீ காலேஜுல ரெண்டாம் வருஷம், ஹாஸ்டல்ல இருந்த. நானும் அப்படித்தான் பண்ணுனேன். ஆள வெச்சுத் தோல உரிச்சு, நானே வைக்கோல் அடச்சேன். அது நக்கறப்ப நான் மூஞ்சியத் திருப்பிக்குவேன். கறக்காம இருக்க முடியலம்மிணி.” துணியை மறுபடி மடிக்க ஆரம்பித்து, “பால் ஆகாதுன்னு நீ சொன்னப்பவே எனக்குச் சந்தேகம். இத ஆராச்சும் உங்கிட்டச் சொல்லிட்டாங்களோன்னு” என்றாள்.

யாரும் சொல்லவில்லை அம்மா என்றேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சாணி அள்ளியும் கறந்தும் காய்த்துப்போன கை. அந்தக் கையைக் கொடுமை என்று சொல்ல என்னால் முடியாது. அந்த மாட்டின் பாலை இனிக் குடிக்கவும் என்னால் முடியாது. இரண்டும் எனக்குள் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. புலம்பெயர்ந்த உங்களில் பலருக்கு, வேறு வேறு விஷயங்களில், இது புரியும் என்று நினைக்கிறேன்.

மூன்று மாதம் இருந்துவிட்டு அம்மா ஊருக்குப் போனாள். மாடுகள் இன்னமும் இருக்கின்றன. நான் மாத்திரையை ஒருநாளும் தவறவிடுவதில்லை. டாக்டர் சொன்ன நேரத்தில் குழந்தைக்கும் ரத்தம் பார்த்தோம். குறையொன்றும் இல்லை என்றார்கள். சொட்டு மருந்து கொடுக்கிறோம்.

போன வாரம் அவளுக்கு முதல் சோறு. ஆறு மாதம் முடிந்து இரண்டு நாள். மந்தா காகூ தன் வீட்டில் மணை போட்டு, கோலமிட்டு, தன் மடியில் அவளை உட்கார வைத்துக்கொண்டார். குழையக் குழைய வேகவைத்த பாசிப்பருப்புச் சோற்றில் நான் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டிருந்தேன். செந்தில் எதிரே கைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதில் அம்மா, மாட்டுக் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தாள். அவள் தோளுக்குப் பின்னால் ஒரு கொம்பு தெரிந்தது. நான் கரண்டியை நீட்டினேன். காகூ, “ஆ கர், பாளா, ஆ” என்றார். குழந்தை வாயைத் திறந்தாள். ஒரு வாய் போனது. அதே நேரத்தில் ஊரிலிருந்து, சிக்னல் சுற்றிக் கொஞ்சம் தாமதமாக, “ஆ காட்டு சாமி, ஆ” என்று அம்மாவின் குரல் வந்து சேர்ந்தது. வாயில் இருந்ததை விழுங்குவதற்குள், குழந்தை அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பி, மறுபடியும் வாயைத் திறந்தாள்.