செவ்வாய்க்கிழமை பதினோரு மணி வெயில்

முழ நீளத்தில் மஞ்சள் பிடி போட்ட ஒரு ஸ்க்ரூ டிரைவர். அதன் முனையை ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரின் உடம்பில், பேரிங் இருக்கும் இடமாகப் பார்த்து ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டவைத்து, உள்ளே வரும் சத்தத்தைக் கேட்க அக்கா கண்ணை மூடிக்கொள்வார். கோயம்புத்தூர் துடியலூர் பக்கம் நாங்கள் வேலை பார்க்கும் பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் அக்கா என்றால்தான் அவரைத் தெரியும். சுற்றிலும் லேத்து இரையும், கிரைண்டிங் பொறி பறக்கும், லோடு வண்டி பின்னுக்கு வரும்போது கத்தும். அவர் முகம் மட்டும் எங்கோ தூரத்தில் யாரோ பாடுவதைக் கேட்பதுபோல் இருக்கும். டெஸ்டிங் தொட்டியிலிருந்து ஏறிய தண்ணீர் சுற்றி வந்து அதே தொட்டியில் விழுந்துகொண்டிருக்கும். காலை வெயில் அந்தத் தண்ணீரில் பட்டுத் தகரக் கூரையில் நெளியும். கூரையிலிருந்து இறங்கி அவருடைய நரைத்த முன்முடியிலும் நெளியும். அசெம்பிளி பெஞ்சில் நட்டு முறுக்கிக்கொண்டே நான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பார்க்கப் பார்க்க மனசு அடங்கும்.

எனக்கு மனசு அடங்குவது அபூர்வம். ஏழாவதோடு படிப்பை விட்டு வேலைக்கு வந்தவன் நான். படித்தவர்களுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று நமக்குத் தெரியாமல் போய், அதனாலேயே ஒருநாள் மொத்தமாகக் கவிழ்ந்துவிடுவோம் என்ற நினைப்பு அன்றைக்கு ஏறிக்கொண்டது, இன்னும் இறங்கவில்லை. கேஸை மூடினோமா என்று பாதி வழியில் வண்டியைத் திருப்புவேன். பேங்க் டெபாசிட் ரசீதை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸுக்கும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வேறு பீரோவில் வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரி இதைச் சொல்லிச் சொல்லியே வீட்டுக்கு வரும் ஒறம்பரைச் சனங்களைச் சிரிக்க வைப்பாள்.

அக்காவுக்கு ஐம்பத்து மூன்று, எனக்கு நாற்பத்தெட்டு நடந்த வருஷம் அது. ஒருநாள் டீ நேரத்தில், தொட்டிக் கட்டையில் சாய்ந்துகொண்டு, சாவகாசமாகச் சொன்னார். "ஆறு நாள மூணு நாளாக்கிக்கலாம்னு பாக்கறனுங்க தம்பி. திங்க, பொதன், வெள்ளி மட்டும் வாரேன்னு மொதலாளிகிட்டச் சொல்லப்போறேன்."

டீ கிளாஸைக் கட்டையில் வைத்தேன். "மீதி மூணு நாளைக்குச் சோத்துக்கு என்னுங்கக்கா பண்ணுவீங்க?"

"ஏனுங்க, அந்த மூணு நாளைக்கு மட்டும் தனியா ஒலை வெக்கோணுமா?" என்று சிரித்தார்.

அவர் வீட்டுக்காரர் இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்திருந்தார். வீட்டுக்காரர் வேலை பார்த்த மில் மூடியபோது வந்த தொகையில் வீட்டுக்குப் பின்னால் இரண்டு லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். மகள் பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்து மாசாமாசம் கொஞ்சமாக மியூச்சுவல் ஃபண்டில் போட்டு வந்ததும் இருந்தது. வாடகையில் கரண்ட்டும் மருந்தும் ஆஸ்பத்திரி இன்சூரன்ஸும் ஓடிவிடும். மூன்று நாள் சம்பளத்தில் மளிகை. பத்தாததற்கு ஃபண்டிலிருந்து மாசம் ஒரு சின்னத் தொகை பேங்குக்கு வரும். இப்படி அவர் போட்டு வைத்திருந்தது எல்லாமே யோசித்துச் செய்ததுதான். நான்தான் விடவில்லை.

"மார்க்கெட்டு உழுந்துட்டா?"

"உழுந்த வருசம் அதுல கைய வெக்க மாட்டனுங்க. சம்பளத்தையும் வாடகையையும் வெச்சு ஓட்டிக்குவேன். அதுக்குத்தான் வேலைய முழுசா உடாம மூணு நாளு வெச்சிருக்கறது." பேசிக்கொண்டே தொட்டியின் மூலையைக் காட்டினார். அங்கே ஒரு பைப்பை எப்போதும் லேசாகத் திறந்து வைத்திருப்பார். பம்ப் ஓட ஓடத் தண்ணீர் தெறித்தும் கசிந்தும் குறையும் அல்லவா, அதற்காக. "அதைய முழுசாத் தொறந்தா வழியும். மூடிப்போட்டாச் சாயங்காலத்துக்குள்ள ஒரு சாண் எறங்கிரும். சுண்டு வெரல் தண்டி ஒழுகுனாப் போதும். தொட்டி அப்படியே நிக்கும் பாருங்க."

ஏழாவது வரை படித்த எனக்கு வட்டி, பங்கு, சந்தை என்று எவ்வளவோ பேர் சொல்லி விளங்காதது அந்த ஒழுகும் பைப்பைப் பார்த்ததும் விளங்கியது. ஆனால் வேலையை ஏன் குறைக்கிறார் என்பது விளங்கவில்லை. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது? கேட்டேன்.

அவர் தன் வீட்டைப் பற்றிச் சொன்னார். அவருடையது ஓட்டு வீடு. நடுக்கூடத்துக்கு மேலே ஒரு கண்ணாடி ஓடு. அதன் வழியாக ஒரு சதுர வெளிச்சம் வீட்டுக்குள் விழும். காலையில் அவர் வேலைக்குக் கிளம்பும்போது அது மேற்குச் சுவரில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். சாயங்காலம் திரும்பும்போது எதிர்ச் சுவரில் மங்கிப்போய் ஒட்டிக்கொண்டிருக்கும். நடுவில் அது எங்கெங்கே போகிறது, கூடத்தில் எந்த இடத்தில் இறங்கி எப்படி நகர்கிறது என்பதை முப்பது வருஷமாகப் பார்த்ததில்லை என்றார். "ஞாயித்துக்கெழம பாக்கலாமுல்லீங்க?" என்றேன். "ஞாயித்துக்கெழம ஊடு நெறையத் துணி, ஒறம்பரை, கடைகண்ணி. வெயிலு வந்துட்டுப் போறதே தெரியாது. ஒரு செவ்வாக்கெழம பதனோரு மணிக்குச் சும்மா உக்காந்து பாக்கோணுமுங்க தம்பி. அவ்வளவுதான்." வேறு யாராவது சொல்லியிருந்தால் கிறுக்கு என்று நினைத்திருப்பேன். அன்றைக்கு என்னவோ எனக்கும் அந்த வெளிச்சம் ஒரு தரையில் மெதுவாக ஊர்வது கண்ணுக்குள் தெரிந்தது.

அப்பாவுக்குப் பிறகு கம்பெனியைப் பார்த்துக்கொண்டிருந்த சின்ன முதலாளி நல்ல மனுஷர். "உங்களுக்கு எப்படித் தோதோ அப்படிப் பண்ணிக்கலாமுங்கக்கா" என்றார். அக்காவும் "ஆகட்டுமுங்க" என்றார். பேச்சு அதோடு முடிந்தது. வராத நாளில் கூப்பிடக் கூடாது என்று அக்கா சொல்லவில்லை. கூப்பிட மாட்டேன் என்று அவரும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்து மனுஷர்களுக்கு இப்படி ஒரு கோளாறு உண்டு. முகத்துக்கு நேராக ஒன்றை வெட்டிப் பேசுவதை மரியாதைக் குறைவு என்று நினைப்போம். வெட்டிப் பேசாமல் விட்ட இடத்தில் பிறகு எது வேண்டுமானாலும் முளைக்கும்.

முளைத்தது. நட்டு வைத்தவன் நான்தான்.

அக்கா வராத நாட்களுக்கு டெஸ்டிங் என்னிடம் வந்தது. தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறுகிறது, கரண்ட் எவ்வளவு இழுக்கிறது என்பதை மீட்டர் சொல்லிவிடும். சத்தத்தைக் காதுதான் சொல்ல வேண்டும். கடைசியில் இங்கிலீஷில் அச்சடித்த ரிப்போர்ட்டில், 'ஓகே' என்ற கட்டத்துக்குக் கீழே, என் கையெழுத்து. அந்தக் கட்டத்தைப் பார்த்தாலே பேனாவை மூடி வைத்துவிடுவேன். யாரோ ஒரு விவசாயி கடன் வாங்கி இந்தப் பம்பை வாங்கிக்கொண்டு போய்க் கிணற்றில் இறக்குவார், நாலாம் நாள் நின்றுபோகும், தென்னை காயும், எல்லாம் ஏழாவது படித்தவன் போட்ட கையெழுத்தால் என்று ஓடும் நினைப்பு. முதல் செவ்வாய்க்கிழமையே போன் செய்தேன். "அக்கா, ஒண்ணே ஒண்ணுங்க. லேசா ஒரு சத்தம் வர்ற மாதிரி இருக்குதுங்க. ஒரு எட்டு வந்து கேட்டுட்டுப் போயிருங்கக்கா." வீடு பக்கம்தான், ஸ்கூட்டியில் பத்து நிமிஷம். "வாரனுங்க" என்றார். வந்தார். கேட்டார். "நல்லாத்தானுங்க இருக்குது" என்றுவிட்டுப் போனார்.

வியாழக்கிழமையும் கூப்பிட்டேன். அடுத்த செவ்வாயும். நான் கூப்பிடுவதைப் பார்த்து ஆபீஸிலிருந்தும் கூப்பிட ஆரம்பித்தார்கள். வந்தவரை "வந்ததே வந்துட்டீங்க, இதையும் பாத்துப்போடுங்க" என்று மத்தியானம் வரை நிறுத்தினார்கள். சம்பளம் மூன்று நாளைக்கு, வேலை ஆறு நாளைக்கு. அக்கா ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. சுளித்தால் இருக்கிற மூன்று நாளும் போய்விடுமோ என்று அவருக்குள்ளும் ஒரு கணக்கு இருந்திருக்கும். அந்தச் சம்பளம் நின்றால் ஃபண்டில் கை வைக்க வேண்டும். சந்தை அப்போது படுத்துக் கிடந்தது. நான்தான் தினமும் பேப்பரைக் கொண்டுவந்து அவரிடம் காட்டிக்கொண்டிருந்தேனே. ஒருநாள் பேப்பரைப் பிடுங்கி மடித்து, சூடான கப்ளிங்கைப் பிடிக்க வைத்துக்கொண்டார். "இப்பத்தானுங்க இதுக்கு ஒரு உபயோகம்" என்றார்.

மூன்று மாசம் இப்படிப் போனபின், ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். தலை பாதிதான் துவட்டியிருந்தார், தோள் நனைந்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்து, கண்ணை மூடி, தலையாட்டினார். கிளம்பும்போது ஸ்கூட்டி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றைத் தாண்டி ஐந்து நிமிஷம்.

"தம்பி, இப்ப எங்கூட்ல வெயிலு எங்க இருக்கும்னு நெனைக்கறீங்க?"

நானும் கடிகாரத்தைப் பார்த்தேன். "தெரியலீங்கக்கா" என்றேன்.

"எனக்குந் தெரியலீங்க" என்றார். குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே யோசித்துக்கொண்டிருந்தார். யோசித்துக்கொண்டே போய்விட்டார்.

தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. மூன்று மாசத்துச் செவ்வாய்களையும் வியாழன்களையும் சனிகளையும் நான் தின்று தீர்த்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. ஒரு மனுஷி இருபது வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வாங்கிய நேரம் அது. நான் என் பயத்துக்கு அதை எடுத்துச் செலவழித்துவிட்டேன்.

அடுத்த வியாழக்கிழமை ஒரு மோட்டாரில் ஸ்க்ரூ டிரைவரை ஊன்றிக் காதில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றேன். போனை எடுக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். அதற்கு அடுத்த வாரமும் அப்படியே. நான் பயந்தது ஒருநாள் நடக்கவும் நடந்தது. நான் விட்ட பம்ப் ஒன்று கிணத்துக்கடவுத் தோட்டம் ஒன்றிலிருந்து சத்தம் வருகிறது என்று திரும்பி வந்தது. முன்பக்கப் பேரிங். சின்ன முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார்.

"இதுக்குத்தானுங்க சொல்றேன். அக்காவ எல்லா நாளும் வந்துட்டுப் போகச் சொல்லிறலாமா?"

"வேண்டாமுங்க" என்றேன். முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு முதலாளியிடம் நான் சொன்ன முதல் வேண்டாம். என் குரல் எனக்கே அடுத்த ரூமில் கேட்பதுபோல் இருந்தது. "பேரிங்க நானே மாத்தித் தோட்டத்துக்கே கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்தர்றனுங்க. செவ்வா, வியாழன், சனி எம் பொறுப்பு."

அவர் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "நீங்களே பாத்துக்குவீங்கன்னா, அப்பறம் அக்கா எதுக்குங்க மூணு நாளு?"

இதை நான் யோசித்திருக்கவே இல்லை. எல்லாக் கெட்டதையும் முன்கூட்டியே யோசித்து வைத்திருப்பவன் இந்த ஒன்றை விட்டுவிட்டேன். எனக்குத் தெரியாது என்றால் அக்காவுக்கு ஆறு நாளும் இங்கேயே போகும். தெரியும் என்றால் இருக்கிற மூன்று நாள் வேலையும் போகும். அக்காவின் சுண்டு விரல் தண்ணீர், அந்த மூன்று நாள் சம்பளம், இந்த இடுக்கில்தான் ஒழுகிக்கொண்டிருந்தது. வாய் தானாகப் பேசியது.

"எனக்குச் சத்தம் பாதிதானுங்க வெளங்குது. அவங்க மூணு நாளு வந்தாங்கன்னா மீதியக் கத்துக்குவேன்."

"எத்தன நாளாகுமுங்க?"

"நம்முளுக்கு மண்டை கொஞ்சம் மந்தமுங்க. ஏழாவதுலயே வாத்தியார் சொல்லிப்போட்டாரு. வருசக் கணக்காகும்."

அவர் சிரித்துவிட்டார். "சரிங்க, மெதுவாக் கத்துக்குங்க" என்றார். வராத நாளில் யாரும் அக்காவைக் கூப்பிட வேண்டாம் என்று ஆபீஸிலும் சொல்லிவிட்டார். படிக்காததை நினைத்து வாழ்நாளெல்லாம் கூசியவன், அன்றைக்கு அதையே ஒரு சட்டைபோல மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

இரண்டே மாசத்தில் எனக்குச் சத்தம் முழுசாக விளங்கிவிட்டது. பேரிங் எங்கே தேய்கிறது, உள்ளே சுழலும் இம்பெல்லர் எங்கே உரசுகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனாலும் இந்த ஆறு வருஷமாகத் திங்கள், புதன், வெள்ளிகளில் அக்காவிடம் எதையாவது கேட்டுக் கற்றுக்கொண்டுதான் இருக்கிறேன். ஒருமுறை அவரே, "ஏனுங்க தம்பி, இது உங்களுக்கு நெசமாவே கேக்கலியா?" என்றார். "லேசாத்தானுங்க கேக்குது" என்றேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் ஸ்க்ரூ டிரைவரை என் கையில் கொடுத்து, முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தார்.

எனக்கு இப்போது ஐம்பத்து நாலு. இந்தத் தையிலிருந்து நானும் நாலு நாளாக்கிக்கொண்டேன். இந்த முறை எந்தெந்த நாள் வர மாட்டேன் என்பதை ஒரு தாளில் எழுதியே கொடுத்தேன். அந்த நாளுக்கு டெஸ்டிங் பார்க்க ஒரு பையனைப் பழக்கி விட்டிருக்கிறேன். அக்காவைப் பார்த்து நானும் அந்த வருஷத்திலிருந்து ஃபண்டில் போட்டு வந்தது கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. மாசாமாசம் அதிலிருந்து எடுக்க ஒரு படிவம் கொடுக்க வேண்டும். நிரப்பி வைத்து மூன்று வாரம் ஆகிறது. கையெழுத்துப் போடக் கை வரவில்லை. என் முதல் செவ்வாய்க்கிழமை விடுமுறையில், அக்கா ஒரு பார்வை பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டால் போட்டுவிடலாம் என்று படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குக் கிளம்பினேன்.

கிரில் கேட் சாத்தியிருந்தது, கதவு திறந்திருந்தது. கூப்பிட வாயெடுத்தவன் நின்றுவிட்டேன். சிவப்புத் தரையில் பாய் விரித்து, கையைத் தலைக்கு வைத்து, அக்கா தூங்கிக்கொண்டிருந்தார். அவர் பாதத்துக்கு ஒரு சாண் தள்ளி அந்தச் சதுர வெளிச்சம் கிடந்தது. நான் நினைத்து வைத்திருந்ததைவிடச் சின்னது. அதில் தூசி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். அது நகர்வது தெரியவில்லை. ஆனால் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது அவர் கால் விரலைத் தொட்டிருந்தது. விரல் ஒருமுறை அசைந்தது. மறுபடி அடங்கியது.

என் டிவிஎஸ்ஸை ஸ்டார்ட் செய்தால் தெருவே எழுந்துவிடும். ஸ்டாண்டை மெதுவாக எடுத்து, தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போனேன். முனையில் ஒரு பேக்கரி. உள்ளே போய் ஒரு டீ சொன்னேன். படிவத்தை மேஜையில் விரித்து, கையால் நீவிவிட்டு, கல்லாவில் இருந்தவரிடம் பேனா கேட்டேன்.