ஆடியில் பார்த்த வீடு

ஐயா, அம்மையீர்,

சென்ற மாதம் கோவில்பட்டியில் திரைப்பட ஆர்வலர் சிலர் ஸ்பெயின் தேசத்துப் பழைய நகைச்சுவைப் படமொன்றைத் திரையிட்டனர். புதிதாக மணமான இருவர், வாடகை அறையொன்றில் வாழ்வை நிலைநிறுத்தப் படும் பாடே கதை. திரையின் அடியில் ஓடிய ஆங்கில எழுத்துகளை நான் கூட்டிப் படிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது. ஆயினும் கதை விளங்கிற்று. ஓரிடத்தில் சிரிப்புத் தாளாமல், என் மனைவியிடம் சொல்வதற்காகப் பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பினேன். அது காலியாக இருந்தது. அவள் மறைந்து மூன்றாண்டுகள் ஆகின்றன.

மணமான புதிதில் நாங்கள் என் தமையன் வீட்டு அடுக்களையில், சேலையைத் திரையாகக் கட்டிக் குடியிருந்தோம். ஆடி பிறந்ததும், புதுப்பெண்ணை அழைத்துச் செல்லும் வழக்கப்படி அவள் வீட்டார் அவளைப் பிறந்த ஊரான இடைசெவலுக்குக் கூட்டிப் போய்விட்டனர். அந்நேரம் பார்த்துத் தீப்பெட்டி ஆபீசு என்று நாங்கள் சொல்லும் தொழிற்சாலைக்கு அருகில் ஓர் ஒற்றை அறை காலியாயிற்று. வீட்டுக்கார அம்மாள், மனைவியைக் கண்ணால் காணாமல் ஆண்பிள்ளைக்கு வீடு தருவதில்லை என்றும், பொழுது சாய்வதற்குள் வராவிடில் வேறொருவருக்கு விட்டுவிடுவதாகவும் சொன்னார்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு இடைசெவல் போனேன். ஆடியில் மாப்பிள்ளை மாமனார் வீட்டு வாசலை மிதிக்கலாகாது. ஆகையால் ஊர் எல்லையில் நின்று ஆளனுப்பினேன். கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தவள், தாயாரின் பழஞ்சேலையைச் சுற்றியிருந்தாள். பழைய தம்பதியாகத் தோன்ற வேண்டுமென்பது அவள் யோசனை. ஆடிக்காற்றில் கரிசல் புழுதி எங்கள் மேல் அப்பிற்று. அவள் வழிநெடுகச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்கார அம்மாள் எங்களை ஏற இறங்கப் பார்த்து, மணமாகி எத்தனை வருடம் என்று கேட்டார். நான் இரண்டு என்றேன். அதே மூச்சில் அவள் மூன்று என்றாள்.

“ஒரே கல்யாணத்துக்கு ரெண்டு கணக்கா? கழுத்துல மஞ்சக்கறை இன்னும் போகல. ஏட்டி, ஆடியில ஒன்ன அனுப்பி வச்சது யாரு?”

“யாரும் அனுப்பலக்கா, நானாத்தான் வந்தேன். இந்த வீடும் போச்சுன்னா இவிய அண்ணன் அடுக்களையிலதான் கெடக்கணும்.”

அம்மாள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

“ஆவணி பொறந்ததும் வந்து பாலக் காய்ச்சு. அதுவரைக்கும் இவன்கிட்டச் சாவியக் குடுத்திராத. ஒத்தையில குடியேறிருவான்.”

அவள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு ஊர் திரும்பினாள். வேலைக்குப் போகையிலும் வருகையிலும் அந்தப் பூட்டிய கதவின் முன் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போவேன். ஆவணி முதல் முகூர்த்தத்தில் அவள் வந்து திறந்தாள்.

இன்றும் அதே அறையில்தான் இருக்கிறேன். படம் முடிந்து திரும்பி, நானே பூட்டைத் திறந்து உள்ளே போனேன். வீட்டுக்கார அம்மாளும் இப்போது இல்லை. அன்று நாங்கள் மாற்றிச் சொன்ன கணக்கை அறிந்தவர் என்னையன்றி ஒருவருமில்லை. ஆதலின் இதனை எழுதினேன். இதைப் படிக்கும் தாங்கள் அந்தக் கணக்கைத் தங்களிடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டுகிறேன்.