புனேயின் ராகுகாலம்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால், புனேயின் ஐ.டி. பகுதியான ஹிஞ்சேவாடியில் வேலைக்குச் சேர வேண்டிய அந்தத் திங்கட்கிழமை காலை, அப்பாவுக்குக் கொஞ்சம் பகுத்தறிவு புகட்டலாம் என்று தோன்றியது. ஆகுர்டியில் எங்கள் வீட்டு வாசலில் கம்பெனி கேப் காத்திருந்தது. மதுரையிலிருந்து வரவழைத்த தினசரிக் காலண்டரைப் பார்த்த அப்பா, "மணி ஒம்பது. ராகுகாலம் முடிஞ்சிருச்சு, கெளம்பு தாயி" என்றார்.

நான் பேசாமல் கிளம்பியிருக்கலாம். "அது நம்ம ஊர்க் கணக்குப்பா. ராகுகாலம் சூரியன் உதிக்கிறத வச்சுத்தானே? இந்தக் குளிர்காலத்துல இங்க சூரியன் அரைமணி லேட்டு. உங்க ராகு இன்னும் வாசல்லதான் நிக்கிறாரு" என்றேன். அவர் நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் காணும் என்று நினைத்தேன்.

அப்பா யோசித்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

"இத்தன வருசமா யாருமே சொல்லலையே. படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும். உக்காரு."

"கிண்டலுக்குச் சொன்னேம்ப்பா."

"கணக்கு சரியா, தப்பா?"

"சரிதான்."

"அப்ப உக்காரு."

கேப் போய்விட்டது. அரைமணி கழித்து அவரே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். தாமதத்துக்குக் காரணம் கேட்ட மேலாளரிடம், டிராஃபிக் என்றேன். ஹிஞ்சேவாடியில் அதற்கு மட்டும் யாரும் ஆதாரம் கேட்பதில்லை.