துரையின் வயிறும் பரிசோதகரின் விசாரணையும்

மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பால்கனியில் மண்டியிட்டு, பூனை வெளிக்குப் போகும் மணல் தட்டுக்கு ஒரு சாண் மேலே முகத்தை நிறுத்தியிருக்கிறார் பரிசோதகர். காலை ஆறரை மணி. பிளாஸ்டிக் கரண்டியால் மணலை ஒதுக்கி, உள்ளதை உள்ளபடி பார்த்து, பக்கத்தில் விரித்து வைத்த நோட்டில் எழுதுகிறார்: "அளவு குறைவு. கெட்டி. திருப்தி இல்லை." கீழே கையெழுத்தும் போடுகிறார். நாளைக்கு யாராவது மறுத்துப் பேசினால் ஆவணம் வேண்டுமல்லவா?

ரயிலில் முப்பத்தோரு வருடம் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். பர்ஸ் தொலைந்துவிட்டது, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, கவுண்டரில் கூட்டம் என்று மனிதர்கள் சொன்ன எதையும் ஒரு நாளும் நம்பாதவர். இப்போது என் எதிர்வீட்டில் இருந்துகொண்டு, பதினான்கு வயதான, சர்க்கரை நோயுள்ள ஒரு பூனை சொல்வதையெல்லாம் நம்பி வாழ்கிறார். பூனையின் பெயர் துரை. வைத்தது அவர் மனைவி. யாருடைய நடத்தையைப் பார்த்து வைத்தார் என்று நான் கேட்டதில்லை.

துரைக்குக் காலை ஏழு, மாலை ஏழு இன்சுலின். சாப்பிட்ட பிறகுதான் ஊசி. அவர் மனைவி, அந்த வீட்டு அம்மா, பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவர். ஆயிரக்கணக்கான மனிதர்களுக்கு ஊசி போட்டவர். ஆனால் துரைக்குப் போடும் தகுதி அவருக்கு இல்லை என்பது பரிசோதகரின் தீர்ப்பு. "நீ மனுஷங்களுக்குப் போட்டவம்மா. இது வேற" என்பார். அந்த அம்மா செய்தித்தாளைப் புரட்டுவார்.

கடந்த ஆறு மாதமாகச் சர்க்கரையோடு வயிறும் சேர்ந்துகொண்டது. மூன்று நாள் ஒன்றும் வராது. நான்காம் நாள் தேவைக்கு மேல் வரும். நடுவில் வாந்தி. மாடிப்படியில் என்னைப் பார்த்து, "நேத்து சாயங்காலம் வந்துச்சு சார்" என்று அவர் முகம் மலரச் சொன்ன முதல் தடவை, வெளிநாட்டிலிருக்கும் மகள் வந்திருக்கிறாள் என்று நினைத்து நான் கைகுலுக்கிவிட்டேன். அவரும் குலுக்கினார்.

கால்நடை மருத்துவர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். டப்பாவில் வரும் ஈரமான உணவு மட்டும், நான்கு வேளையாகப் பிரித்து. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். சாப்பாட்டைத் திடீரென்று மாற்றக்கூடாது. சாப்பிடாவிட்டாலோ வாந்தி எடுத்தாலோ, வேறு எதையும் செய்வதற்கு முன் தனக்குப் போன் செய்ய வேண்டும். இதைப் பரிசோதகர் பெரிய எழுத்தில் எழுதி, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார். அதன்பின் அந்த வீட்டுக்குள் போவது எல்லை தாண்டுவது போலாகிவிட்டது. என் சட்டைப்பையில் பிஸ்கட் இருக்கிறதா என்று பார்ப்பார். ஐஸ்கிரீம் கரண்டியைத் துரை நக்கும்படி விட்ட மைத்துனிக்கு இரண்டு வாரம் வீட்டுக்கு வரத் தடை. "யாரும் குடுக்கலன்னுதான் எல்லாரும் சொல்வாங்க. அத அப்படியே நம்பிட முடியுமா?" என்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் துரை சாப்பிட்டது. ஊசி போடப்பட்டது. அந்த அம்மா காய்கறி வாங்கக் கிளம்பினார். ஏழேகாலுக்குத் துரை, சாப்பிட்டதை முழுவதும் கூடத்துத் தரையில் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

இந்த இடத்தில் போன் செய்ய வேண்டும். பரிசோதகர் விசாரணையைத் தொடங்கினார். வாந்தியை ஒரு சிறிய டப்பாவில் எடுத்து மூடி, தேதி எழுதி, என் கதவைத் தட்டினார்.

"நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"

"ரொட்டி."

"என் கண்ணப் பாத்துச் சொல்லுங்க."

சொன்னேன். நம்பவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு கீழ்வீட்டுக்காரரிடம் போனார். பிறகு மைத்துனிக்குப் போன் செய்தார். தான் இன்னும் தடைக்காலத்தில் இருப்பதை மைத்துனி நினைவூட்டியதும், "அதான் சந்தேகமே" என்றார். மணி ஒன்பதாகிவிட்டது.

பையோடு அந்த அம்மா திரும்பியபோது, துரை கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது. நான்கு எட்டு வைத்தது. பின்னங்கால்கள் விலகிப் போய், அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது. பரிசோதகர் நோட்டைத் தேடினார்.

"எழுதுறத விடுங்க" என்றார் அந்த அம்மா, குரலை உயர்த்தாமல். "சாப்பாடு வெளிய வந்துடுச்சு. ஊசி உள்ளயே இருக்கு. சர்க்கரை இறங்குது. தேன் பாட்டில எடுங்க."

எடுத்தார். மூடியைத் திறக்க முடியவில்லை. அந்த அம்மா பாட்டிலை வாங்கித் திறந்து, விரலில் தேனைத் தொட்டுத் துரையின் ஈறில் தடவினார். மருத்துவருக்குப் போன் செய்தார். நான் காரை எடுத்தேன். பின் இருக்கையில் துரை அம்மாவின் மடியில். பரிசோதகர் மடியில் அந்த டப்பா. வழி முழுக்க, "கண்ணத் திறந்திருக்கானா?" என்பதைத் தவிர அவர் வேறு எதுவும் கேட்கவில்லை.

மருத்துவர் காது ஓரத்தில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார். உடனே குளுக்கோஸ் ஏற்றினார். அரை மணி கழித்துத் துரை தலையைத் தூக்கி, எல்லோரையும் ஒரு முறை பார்த்து, யாரும் தகுதியானவர் இல்லை என்று கண்டு மறுபடி படுத்தது. அப்போதுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. பரிசோதகருக்குக் கடமையும் நினைவு வந்தது. டப்பாவை மேசைமேல் வைத்தார்.

"யாரோ எதையோ குடுத்திருக்காங்க டாக்டர். ஆதாரம் இருக்கு."

மருத்துவர் இடுக்கியால் கிளறினார். பொரித்த மீனின் தோல் ஒரு துண்டு வந்தது. இன்னொன்றும் வந்தது.

"எண்ணெயில பொரிச்சது. இந்த வயித்துக்கு இது ஆகவே ஆகாது. யாரு குடுத்தா?"

நான் கூரையைப் பார்த்தேன். அந்த அம்மா யாரையும் பார்க்கவில்லை. பரிசோதகர் இடுக்கியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான்தான்" என்றார். "காலைல அஞ்சு மணிக்கே எழுப்பிடுறான் டாக்டர். அந்த டப்பாச் சாப்பாடு அவனுக்குப் பிடிக்கல. ஒரு மாதிரி பாக்குறான்."

"முப்பத்தோரு வருஷத்துல டிக்கெட் இல்லாம எத்தன பேரு உங்கள ஒரு மாதிரி பாத்திருப்பாங்க" என்றார் அந்த அம்மா.

அன்று முதல் ஊசி போடும் அதிகாரம் தலைமை நர்ஸுக்கு மாறியது. மலம் இளக ஒரு மருந்தும் சாப்பாட்டில் கலந்து தரப்பட்டது. பரிசோதகருக்கு மணல் தட்டு மட்டும் மிஞ்சியது. இரண்டு நாள் அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. நான் பிஸ்கட் தின்றுகொண்டே எதிரில் போனபோதுகூட. மைத்துனிக்குத் தடை நீங்கியது. காரணம் அறிவிக்கப்படவில்லை.

மூன்றாம் நாள் காலை நான் போனபோது அவர் பால்கனியில் நின்றிருந்தார். துரை மெதுவாக வந்து, மணலை முகர்ந்து, தட்டில் ஏறி, வசதியாக இடம் பார்த்துக் குந்தியது. பிறகு அசையாமல் அவரையே பார்த்தது. பரிசோதகர் சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். என்னையும் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினார்.